அலமாரிக்குள் ஒரு மாநகரம்

எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதும், நகர மன்றத்தின் வாசலில் நீரூற்று திறந்ததும் ஒரே நாளில்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள். மேலே இருப்பவர்களைப் பற்றி நல்லதாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

நகரப் பட்டயத்துக்கு நூறு வயது நிறைகிறதாம். அதைக் கொண்டாடத்தான் நீரூற்று. பட்டயம் என்றால் வேறொன்றுமில்லை. இந்த நகரத்துக்கு ஒரு மேயர் உண்டு, ஒரு மன்றம் உண்டு, ஓர் ஆணையர் உண்டு, இன்னார் இன்னது செய்யலாம், வரியை இப்படி வசூலித்து இப்படிச் செலவழிக்கலாம் என்று அந்தக் காலத்தில் எழுதிவைத்த புத்தகம். 'நம் பட்டயம், நம் பெருமை' என்று மூலைக்கு மூலை தட்டி கட்டியிருந்தார்கள். எங்கள் தெருக் குழாயடியிலும் ஒன்று கட்டினார்கள். காய்ந்துபோன குழாய்க்கு அது நல்ல நிழல் கொடுத்தது.

நான் அந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை பூட்டு ரிப்பேர். அதன் சொந்தக்காரரை ஊரே பூட்டக்கா என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி, கையில் எப்போதும் ஓர் அரம், உள்ளங்கையில் என்ன தேய்த்தாலும் போகாத கருப்பு. அவர் திறக்க முடியாமல் திருப்பி அனுப்பிய பூட்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் கணவரை நான் மாமா என்பேன். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தினமும் அவரைக் குளிப்பாட்டித் துடைத்துத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் நின்ற பிறகு அக்கா மூன்று தெரு தள்ளிப் போய், இரண்டு கையிலும் கேன் தூக்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு நடை நடந்தார். அந்தத் தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் போய் மிச்சமிருந்தால் மாமாவுக்கு. நாற்பத்தோராவது நாள் மாமாவின் இடுப்பில் கையகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அங்கே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மாமாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வாய் மட்டும் நன்றாக இருந்தது.

"டிப்போவுல பஸ்ஸைக்கூட தெனமும் கழுவுவாங்கடி. நான் ஓட்டின பஸ்ஸுக்கு இருக்கற யோகம் எனக்கு இல்ல."

அக்கா வெளியே வந்து என் கடை முன்னால் நின்றார். "தம்பி, கடைய மூடு. ஆபீசுக்குப் போறோம். நீ பேப்பர் படி, நான் பேசறேன்."

நான் தைரியசாலி கிடையாது. அரசாங்கக் கட்டடம் எதற்குள் போனாலும் தப்பு செய்துவிட்டு வந்தவன் மாதிரி ஆகிவிடுவேன். ஆனாலும் மாமாவின் இடுப்பை நானும்தான் பார்த்திருந்தேன். கடையை மூடினேன்.

மன்றத்தின் வாசலில் நீரூற்று ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது. சாரல் எங்கள் மேல் பட்டது. அக்கா நின்று, கைகளை நீட்டி, நனைந்த கையை முகத்தில் துடைத்துக்கொண்டார். காவலாளி விசில் ஊதினான்.

மூன்றாம் எண் ஜன்னலில் மனுக்களை வாங்கும் எழுத்தர் இருந்தார். ஒல்லியான மனிதர். முழங்கையில் சட்டை தேய்ந்திருந்தது. நான் எழுதிய மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, "பிரிவு எண் போடலியே?" என்றார்.

"எந்தப் பிரிவு சார்?" என்றார் அக்கா.

"தண்ணி விட எங்களுக்கு அதிகாரம் குடுக்கற பிரிவும்மா. பட்டயம் குடுக்காத அதிகாரத்தை நாங்களா எடுத்துக்க முடியாது. நீங்க பிரிவைச் சொல்லுங்க, நாங்க வேலையப் பண்றோம்."

"இத்தனை வருஷமா விட்டீங்களே, அது எந்தப் பிரிவுல?"

எழுத்தர் எட்டிப் பார்த்து, பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "அதையெல்லாம் வெளில பேசாதீங்கம்மா. அதிகாரம் இல்லாம அத்தனை வருஷம் தண்ணி விட்டோம்னு எவனாவது கேஸ் போட்டா எங்க கதி என்னாகறது?"

"சரி, நிறுத்தினீங்களே, அது எந்தப் பிரிவு?"

"நிறுத்தறதுக்குப் பிரிவு எதுக்கு? ஒரு வேலைய செய்யறதுக்குத்தான் அதிகாரம் வேணும். செய்யாம இருக்கறதுக்கு எங்களுக்குப் பூரண அதிகாரம் இருக்கு."

இதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"அப்ப பட்டயத்தைக் கொண்டாங்க. தம்பி நல்லா படிப்பான். பிரிவை நாங்களே தேடிக்கறோம்."

எழுத்தரின் கையிலிருந்த முத்திரைக்கட்டை அப்படியே நின்றது. "பட்டயத்தையா? படிக்கவா?" பதினாறு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒருவர் கேட்டு அவர் பார்த்ததில்லையாம். ஆணையரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எங்களைத் தனியாக அனுப்பப் பயமாக இருந்ததோ என்னவோ, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார்.

ஆணையரின் அறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று இருந்தது. கட்டம் கட்டமாக மேயர், மன்றம், ஆணையர், பதினோரு நிலைக்குழுக்கள், அவற்றின் துணைக்குழுக்கள், அவற்றைக் கண்காணிக்கும் குழு. எல்லா அம்புக்குறிகளும் மேலே ஏதோ ஒரு கட்டத்திலிருந்து புறப்பட்டு வந்தன. அந்தக் கட்டத்தின் மேல் ஏ.சி. பெட்டியை மாட்டியிருந்தார்கள். நான் கழுத்தை வளைத்துப் பார்த்தேன். 'மக்கள்' என்பதில் பாதி தெரிந்தது.

ஆணையர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். அதில் எனக்கு நினைவிருப்பது இதுதான்.

"அதிகாரம் ஒரே ஆள் கையில இருந்தா தப்பா உபயோகிப்பாங்கம்மா. அதனால நம்ம முன்னோர்கள் அதைப் பிரிச்சாங்க. மேயருக்கு ஆசை உண்டு, அதிகாரம் கெடையாது. மன்றத்துக்கு அதிகாரம் உண்டு, பணம் கெடையாது. என்கிட்ட பணம் இருக்கு, ஆனா ஆசைப்படக் கூடாது. நான் பொறுப்புக்கு வந்தப்புறம் இன்னும் நுணுக்கமாப் பிரிச்சேன். இப்ப யாராலயும் எதையும் உபயோகிக்கவே முடியாது. இந்த ஒன்பது வருஷத்துல இங்க ஒரு அதிகார துஷ்பிரயோகம் நடந்ததுண்டா? சொல்லுங்க பாப்போம்!"

"எங்க தெரு வால்வைத் தொறக்கறது யாரு வேலைங்க?"

"அருமையான கேள்வி. பட்டயத்துல தெளிவா இருக்கும்."

"நீங்க படிச்சிருக்கீங்களா சார்?"

ஆணையர் குச்சியைக் கீழே வைத்தார். "நான் பட்டயத்தைக் காப்பாத்தறவன்மா. படிக்கறது என் துறைல வராது."

மாடிப்படியில் வைத்துத்தான் எழுத்தர் விஷயத்தை உடைத்தார். பட்டயம் மன்றக் கூடத்தில் ஓர் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அலமாரியில் ஒரு பூட்டு தொங்குகிறது. அதன் சாவி தொலைந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சாவி தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பட்டயத்தின் பின்னிணைப்பில் விவரமாக எழுதியிருக்கிறார்களாம். பின்னிணைப்பு அலமாரிக்குள் இருக்கிறது.

"அப்ப வரவு செலவெல்லாம் எப்படிப் போடறீங்க?" என்று நான் கேட்டேன்.

"போன வருஷத்தைப் போலவேன்னு ஒரு தீர்மானம். ஒரு வரிதான். பத்தொன்பது வருஷமா அதைத்தான் போட்டுக்கிட்டு இருக்கோம். அப்ப நகரத்துக்கு ஒரு குதிரை இருந்துச்சு. அதுக்குக் கால்ல அடி. இன்னும் அதுக்கு வைத்தியம் நடக்குது."

"குதிரை இருக்கா?"

"அது போய்ச் சேந்து பதினெட்டு வருஷமாச்சு. வைத்தியம் பாக்கறவருக்கே இந்த வருஷம் பதவி உயர்வு."

மேயரின் அறையில் மேயர் நூற்றாண்டு விழா அங்கியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் தரையில் உட்கார்ந்து விளிம்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தார். மேயர் கண்ணாடியைப் பார்த்தபடியே எங்கள் மனுவைக் கேட்டார். முழுவதும் கேட்டார். கண்ணில் நீர்கூட வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"நானும் உங்கள்ல ஒருத்தன்தாம்மா. என் மனசு பூரா உங்க தெருலதான் இருக்கு. ஆனா கை? கை கட்டிப் போட்டிருக்கு." கையைக் கட்டிக் காட்டினார். தையல்காரர் கையை அசைக்காதீர்கள் என்றார்.

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இந்த ஊத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

மேயரின் முகம் மலர்ந்தது. "என் சொந்த யோசனை! நாள் பூரா நிக்காது. தெற்குக் குழாயைத் திருப்பி விட்டிருக்கோம். அந்தப் பக்கம் பெரிய மனுஷங்க யாரும் கெடையாது, யாருக்கும் தொந்தரவு இருக்காதுன்னு பொறியாளர் சொன்னாரு."

"அந்தத் தெற்குக் குழாய்லதாங்க நாங்க இருக்கோம்."

மேயர் ஒரு வினாடி யோசித்தார். பிறகு இரண்டு கையாலும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இந்தப் பெருமையே உங்க தெருவுக்குத்தாம்மா சேரும்!"

கோபத்தில் எனக்கு அந்த அறையே சிவப்பாகத் தெரிந்தது. அக்கா கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"நான் பூட்டு ரிப்பேர் பண்றவ சார். உங்க அலமாரிய ஒடைக்காம தொறந்து தரேன். தொறந்தா பிரிவைப் பாத்துத் தண்ணி விடுவீங்களா?"

மேயர் கண்ணாடியை அடியோடு மறந்தது அப்போதுதான். விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. பூட்டிய அலமாரியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதா, விரித்த பட்டயத்தைக் கையில் பிடித்து எடுத்துக்கொள்வதா? அவர் கண்ணில் அந்தப் படம் தெரிந்தது. "நாளைக்கே கூட்டம் போடறேன்!" என்றார்.

மறுநாள் கூடத்தின் நடுவில், சிவப்பு விரிப்பின் மேல், எண்ணெய் போட்டுத் துடைத்த அலமாரி நின்றது. சுற்றிலும் ஐம்பத்திரண்டு உறுப்பினர்கள். பார்வையாளர் மாடத்தில் எங்கள் தெரு. காலி வாளியோடு வந்திருந்தார்கள். வாளி ஆயுதமா இல்லையா என்று தெரியாததால் காவலாளிகள் ஒவ்வொரு வாளிக்கும் டோக்கன் கொடுத்து வாசலில் அடுக்கிவைத்தார்கள்.

முதல் கேள்வி, அலமாரியைத் திறக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பது. உண்டு என்றால் அது அலமாரிக்குள் இருக்கும். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறியது. திறந்த பிறகு அதிகாரம் இருப்பதாகத் தெரிந்தால் திறந்தது செல்லும்; இல்லை என்று தெரிந்தால் அலமாரி திறக்கப்படவே இல்லை என்று கொள்ளப்படும். மேசைகளைத் தட்டினார்கள்.

"ஆரம்பிங்கம்மா" என்றார் மேயர்.

அக்கா விரிப்பில் உட்கார்ந்து, பையிலிருந்து அரத்தையும் ஒரு மெழுகுவத்தியையும் எடுத்து வைத்தார். பிறகு அட்டை கிழிந்த ஒரு நோட்டை எடுத்தார்.

"ஓனர் யாருங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"ஓனர் பக்கத்துல நின்னு, தொறன்னு சொல்லி, இந்த நோட்டுல கையெழுத்துப் போடணும். இல்லாட்டி நான் எந்தப் பூட்டையும் தொட மாட்டேன். நாளைக்கு உள்ள இருந்தது காணோம்னா என்னைத்தான் திருடின்னு சொல்வாங்க. எங்க தொழில்ல இது ஒண்ணுதான் சட்டம். வந்து போடுங்க."

மேயர் எழப்போனார். ஆணையர் அவர் காதில் ஏதோ சொன்னார். மேயர் உட்கார்ந்துவிட்டார். ஓனர் என்று போடுகிறவர்தானே சாவி தொலைந்ததற்கும் பதில் சொல்ல வேண்டும்? பத்தொன்பது வருஷத்துக்கும், செத்த குதிரைக்கும்?

"நான் பட்டயத்தின் பிள்ளை" என்றார் மேயர். "பிள்ளை எப்படி உரிமையாளர் ஆக முடியும்?"

"நான் காவலன்" என்றார் ஆணையர்.

ஆளும் தரப்பு, அலமாரி முந்தைய ஆட்சியில் வாங்கியது என்றது. எதிர்த்தரப்பு, பூட்டு இந்த ஆட்சியில்தான் துருப்பிடித்தது என்றது. அலமாரி எந்தத் துறையின் பதிவேட்டிலும் இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். நின்றுகொண்டிருக்கும் இடம் மட்டும் பொதுப்பணிக்குழுவுடையது என்று இன்னொருவர் சொன்னார். அக்கா நோட்டைப் பிரித்தபடி காத்திருந்தார்.

கடைசியில் சட்ட ஆலோசகரை எழுப்பினார்கள். அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு முழங்கினார்.

"பெருமக்களே! இப்பட்டயம் மேயருக்குச் சொந்தமானதன்று. ஆணையருக்குச் சொந்தமானதன்று. இம்மாமன்றத்துக்கும் சொந்தமானதன்று. இந்நகரில் வாழும் சாதாரண மக்களே இதன் உரிமையாளர்கள்! நாம் அவர்களின் ஊழியர்கள் மட்டுமே. எனவே இந்த அலமாரி தொடர்பாக நம்மில் எவரும் எதற்கும் பொறுப்பல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

கூடம் அதிர்ந்தது. கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு நிம்மதி.

சத்தம் அடங்கியதும் அக்கா மாடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்களா? ஓனர் நீங்கதானாம். தொறக்கவா?"

மாடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தக் கட்டடத்தில் எங்களிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. பிறகு யாரோ "தொற" என்றார்கள். குரல் எனக்குப் பழக்கமாக இருந்தது. நான்தான் சொல்லியிருந்தேன்.

"தொற!" என்றது தெரு. "தொறக்கா!"

"கூச்சல் போடக் கூடாது!" என்றார் மேயர். "மாடத்திலிருந்து பேச அனுமதியில்லை!"

"ஓனருங்க பேசறாங்க சார்" என்றார் அக்கா. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

நோட்டு மாடத்துக்குப் போனது. அறுபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். அது முடியும்வரை மன்றம் டீ குடிக்க ஒத்திவைக்கப்பட்டது. யாருக்கும் தடுக்கத் தெரியவில்லை. தடுக்கிறவர் ஓனர் ஆகிவிடுவாரே.

அக்கா பல் வெட்டாத ஒரு வெறும் சாவியை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கருக்கிக்கொண்டார். பூட்டுக்குள் விட்டு, மெல்லத் திருப்பி, வெளியே எடுத்து, கரி எங்கே அழிந்திருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, அந்த இடத்தை அரத்தால் ராவினார். மறுபடி புகை, மறுபடி பூட்டு, மறுபடி அரம். கூடத்தில் அரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பதினோரு நிமிடம். பத்தொன்பது வருஷப் பூட்டு திறந்துகொண்டது.

மேல் தட்டில் மெல்லிய ஒரு புத்தகம் இருந்தது. அதன் மேல் ஒரு சாவி இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பொறுப்பான அதிகாரி, தொலைந்துவிடக் கூடாதே என்று சாவியைப் பத்திரமாக உள்ளே வைத்து, பூட்டை அழுத்திப் பூட்டியிருக்கிறார்.

"படி தம்பி" என்றார் அக்கா. நான் மாடத்திலிருந்து இறங்கிப் போனேன். பிரிவு, பிரிவு என்று எங்களை அலையவிட்டார்களே, புத்தகத்தில் மொத்தமே பதினான்கு பக்கம். ஒன்பது பிரிவு. நான் சத்தமாகப் படித்தேன்.

"ஒன்று. இவ்வூரில் குடியிருப்போர், தத்தம் வீட்டுக்குத் தனித்தனியே நீர் கொண்டுவர இயலாமையால், ஒன்றுகூடி இந்நகரை அமைத்துக்கொண்டோம். இரண்டு. இவ்வேலையைப் பார்க்க ஒரு மேயரையும், ஏழு பேர் கொண்ட மன்றத்தையும், ஓர் ஆணையரையும் வைத்துக்கொள்கிறோம். மூன்று. வரியின் முதல் பங்கு நீருக்கே. மீதியே மற்றவைக்கு. நான்கு. எந்த ஒரு வீட்டுக்கேனும் நீர் போய்ச் சேராத நாளில், மேற்சொன்ன எவருக்கும் அன்றைய சம்பளமோ படியோ கிடையாது. கொடுத்திருந்தால் திரும்பப் பெற வேண்டும்."

உறுப்பினர்கள் சிலர் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆணையர்தான் முதலில் பேசினார். "இது பழைய நடை. இதன் உட்பொருளை ஆராய ஒரு குழு..."

"உட்பொருள் என் வீட்டுக்காரர் இடுப்புல இருக்கு, வந்து பாக்கறீங்களா?" என்றார் அக்கா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நாப்பத்திரெண்டு நாளா அந்த மனுஷன் அழுக்குலயே கெடக்கறாரு. நீங்க வாசல்ல அந்தத் தண்ணிய வானத்துக்கு எறிஞ்சு வெளையாடறீங்க. கூசல உங்களுக்கு?"

மேயர் பாய்ந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார். "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது!" என்று கத்திக்கொண்டே அதை அலமாரிக்குள் எறிந்து, கதவைச் சாத்தி, பூட்டை அழுத்தினார். அழுத்திய பிறகுதான் சாவியும் உள்ளே இருப்பது அவருக்கு உறைத்தது. அக்கா தான் ராவிய சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நாங்கள் டோக்கனைக் கொடுத்து வாளிகளை வாங்குவதற்குள் நீரூற்று நின்றுவிட்டது. யாருடைய உத்தரவு, எந்தப் பிரிவு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு நாள் முடியாதது கால் மணி நேரத்தில் முடிந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

நாங்கள் தெருவுக்கு வந்தபோது குழாய் இருமிக்கொண்டிருந்தது. முதலில் செம்மண் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. அக்கா ஒரு மணி நேரம் மாமாவைக் குளிப்பாட்டினார். "மெதுவாடி, சில்லுன்னு இருக்கு" என்று மாமா திட்டுவது என் கடைவரை கேட்டது. முடிந்ததும் அக்கா ஈரக் கையோடு தன் கடைப் படியில் வந்து உட்கார்ந்து அழுதார். நான் பார்க்காத மாதிரி காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்ததும் அவர் உள்ளே போய், சாவி வெட்டும் இயந்திரத்தைப் போட்டார்.

"என்னக்கா பண்றீங்க?"

"விழா முடியட்டும், மறுபடி நிறுத்துவாங்க. அப்ப போய்க் கேட்டா புஸ்தகம் அலமாரில இருக்கும்பாங்க." கருக்கிய சாவியை ஒரு பக்கம் பொருத்தி, வெறும் சாவியை மறுபக்கம் மாட்டினார். "கையெழுத்துப் போட்டவங்க அறுவத்துமூணு பேரு. ஓனருங்ககிட்ட சாவி இருக்கணுமில்ல?"

மறுநாள் அறுபத்துமூன்றும் தீர்ந்துவிட்டது. அதற்கு மறுநாள் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள். அடுத்த நாள், எங்கள் பக்கத்தைச் சேராத, பெயர் தெரியாத தெருக்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். சிலருக்குத் தண்ணீர், சிலருக்கு விளக்கு, ஒருவருக்கு வீட்டு வாசலில் தோண்டி மூடாமல் போன பள்ளம். வரிசை என் கடையைத் தாண்டி முனைவரை போனது. ஒவ்வொருவரும் நோட்டில் பெயர், தெரு, ஓனர் என்ற இடத்தில் கையெழுத்து.

அந்த வரிசையில்தான் மூன்றாம் எண் ஜன்னல் எழுத்தரும் வந்தார். நேராக முன்னால் வந்து, உறையைப் பிரித்து, ஒரு நோட்டீசைப் படித்தார். நகரத்துக்குச் சொந்தமான சாவியை அதிகாரமின்றி வைத்திருப்பது பட்டயத்தின்படி குற்றம். மூன்று நாளுக்குள் அந்தச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். பின்னால் ஆணிகளில் ஒரே மாதிரி நூறு சாவிகள் தொங்கின. "இதுல எது சார்? நான் செஞ்ச மொதல் சாவி எதுன்னு இப்ப எனக்கே தெரியாது. நீங்களே பாத்து எடுத்துக்கங்க."

எழுத்தர் சாவிகளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"பட்டயப்படி குத்தம்னு போட்டிருக்கே, அதுல எந்த எடத்துல அப்படி எழுதியிருக்கு? இந்தத் தம்பி படிச்சப்ப அப்படி ஒண்ணும் வரலியே?"

"அதைப் பாத்துத்தாம்மா சொல்லணும்" என்று ஆரம்பித்த எழுத்தர் நடுவில் நிறுத்திக்கொண்டார். அலமாரி பூட்டியிருந்தது. சாவி உள்ளே இருந்தது.

அக்கா ஆணியிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் நோட்டைப் பிரித்து வைத்தார். "போய்ப் பாத்துட்டு வாங்க. இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

எழுத்தர் பேனாவை எடுத்தார். ஓனர் என்று எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பதினாறு வருஷமாக மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் அவர் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. "நான் இருக்கறது வடக்குத் தெரு" என்றார் மெதுவாக. "போன வருஷத்துலேருந்து எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது."

"அது நோட்டுக்கு வேணாம் சார். கையெழுத்து போதும்."

பின்னாலிருந்து, பள்ளத்துக்காக வந்திருந்தவர் குரல் கொடுத்தார். "சீக்கிரம் போடுங்க சார். நாங்களும் ஓனருங்கதான், வேலைக்குப் போக வேணாமா?"

எழுத்தர் கையெழுத்துப் போட்டார். நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, நகர மன்றத்தின் பக்கம் நடந்தார்.